மட்டக்களப்பில இருந்து அஞ்சு வயசுப் பிள்ளையோட தீம் பார்க்: ஒரே நாள்ல போய் வரலாமா?

ஜூலை 12, காலை. ஆரையம்பதி அப்பா

ஆகஸ்ட் லீவுக்கு நானும் மகனும் மட்டும் ஆல்ட்டோவில போறதா இருக்கம். வயசு அஞ்சு. பண்டாரகம பேர்ல் பே, ஹங்வெல்லைப் பக்கம் லெஷர் வேர்ல்ட், ரெண்டும் வேணும் எண்டு நிக்கிறான். இரவு ஒரு மணிக்கு வெளிக்கிட்டா விடிய அங்க நிக்கலாம், பகல் முழுக்க விளையாடிட்டு இரவே திரும்பலாம், பிள்ளை காருக்குள்ள தூங்கும் தானே எண்டு கூட்டாளிமார் சொல்றாங்க. ஓடுறது நான் ஒராள்தான். சரிவருமா?

ஜூலை 12, மதியம். செங்கலடி வேன்

சரிவராது தம்பி. மட்டக்களப்பில இருந்து கொழும்பு ஏறத்தாழ 315 கிலோமீற்றர். பண்டாரகம அதுக்கும் அங்கால. போக எட்டு மணித்தியாலம், வர எட்டு, நடுவில வெயிலுக்கயும் தண்ணிக்கயும் ஆறு மணித்தியாலம். பிள்ளை தூங்கும், நீங்க தூங்கமாட்டீங்க. பார்க்கில இருந்து திரும்புற ஓட்டம்தான் ஆபத்து: உடம்பு அலுத்துப் போயிருக்கும், பின்னால பிள்ளை நித்திரை, ஏசி குளிர், பேச்சுத் துணை இல்லை.

ரெண்டு பார்க்கையும் ஒரே நாள்ல வைக்கிறதையும் விடுங்க. ஒரு நாளைக்கு ஒண்டு. அஞ்சு வயசுப் பிள்ளை மூண்டு மணித்தியாலத்தில களைச்சிடும். அதுக்குப் பிறகு வாற ஒவ்வொரு ஆட்டமும் அழுகையிலதான் முடியும்.

பாதை: வாழைச்சேனை, புணாணை, வெலிகந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, மின்னேரியா, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். குருநாகல்ல மத்திய அதிவேகப் பாதையில ஏறுங்க. 2022 ஜனவரியில திறந்த துண்டு அது, மீரிகமையில இறக்கும். அங்க இருந்து கண்டி வீதியைப் பிடிச்சு கடவத்தை. கடவத்தையில திரும்பவும் அதிவேகப் பாதை, கொட்டாவ தாண்டி கெலனிகமவில இறங்கினா பண்டாரகம கிட்ட. கொழும்புக்குள்ள போகவே தேவையில்லை.

ஜூலை 12, இரவு. காத்தான்குடி

இரவு ஓட்டத்தை அப்பிடியே தள்ளிவிடாதீங்க. ரோட்டு வெறுமை, வெக்கை இல்லை, பிள்ளை சத்தி எடுக்காது. ஒரு மணி இல்லாட்டி மூண்டு மணிக்கு வெளிக்கிடலாம்.

ஜூலை 13. செங்கலடி வேன்

மூண்டு மணிக்கு வெளிக்கிட்டா நாலு மணிக்கு புணாணை. அங்க இருந்து வெலிகந்தை, மன்னம்பிட்டி வரைக்கும் ரெண்டு பக்கமும் காடு, யானை ரோட்டில நிக்கும். யானையின்ட தோல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. ஆல்ட்டோ மாதிரித் தாழ்ந்த காரின்ட ஹெட்லைட் காலைத்தான் காட்டும், அதுவும் கிட்ட வந்த பிறகு. 80இல ஓடினா பிரேக் பிடிக்க இடம் காணாது. சாமம் ரெண்டுக்கும் விடிய அஞ்சுக்கும் இடையில ஓடுறவருக்குக் கண் இழுக்கிறதும் கூடுதலா இருக்கும்.

ஆரையம்பதியில அஞ்சு மணிக்கு எடுத்தா புணாணை வரக்குள்ள வெளிச்சம் வந்திடும். பொலன்னறுவைக்கு ஏழேகால், ஏழரை. கதுருவெலயில காலைச் சாப்பாடு, ஹலால் கடையும் இருக்கு. மன்னம்பிட்டியில கொட்டலிய பாலத்தில மெதுவா போங்க. 2023 ஜூலையில காத்தான்குடிக்கு வந்த பஸ் விழுந்த இடம் அது.

திரும்பி வரக்குள்ள இன்னும் கவனம். ஆகஸ்ட், செப்டெம்பரில மின்னேரியாக் குளம் வத்தும், புல்லுக்கு யானை கூட்டமா இறங்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஹபரணை ரோட்டைக் கடந்துகொண்டே இருக்கும், சபாரி ஜீப்பும் நெருக்கும். நாலு மணிக்கு முந்தி அந்த இடத்தைத் தாண்டிடணும்.

ஜூலை 13. காத்தான்குடி

யானைக் கதை சரி, ஒத்துக்கொள்றன். அஞ்சு மணி எண்டு வைங்க. வெள்ளிக்கிழமை போறவங்க ஜும்ஆவுக்கு எங்க நிக்கிறது எண்டும் முன்னமே பார்த்து வைங்க. குருநாகல் டவுன் வசதி.

ஜூலை 14. அக்கரைப்பற்று வாப்பா

எல்லாரும் மட்டக்களப்புக் கணக்கிலயே எழுதிறீங்க. அம்பாறை மாவட்டத்து ஆக்களுக்கு அந்த ரோட்டு சுத்து. அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில்காரருக்கு ஏ4 நெடுஞ்சாலை வாசல்லயே இருக்கு: சியம்பலாண்டுவ, மொனறாகலை, வெல்லவாய, பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை. அவிசாவளை தாண்டினா ஹங்வெல்லை. லெஷர் வேர்ல்டுக்கு இதை விட நேர் பாதை இல்லை. லாகுகலையில மட்டும் யானைக்கு அதே கவனம்.

ஆனா சின்னப் பிள்ளை இருந்தா வெல்லவாயவுக்கும் பலாங்கொடைக்கும் இடையில யோசிக்கணும். கொஸ்லந்தை, பெரகல, ஹல்துமுல்லை முழுக்க வளைவு. மழைக்கு மண் சரியிற இடம், பின்னேரம் மூடுபனி வேற. வாந்தி வாற பிள்ளைக்கு அந்த ரெண்டு மணித்தியாலம் நரகம். தியலும நீர்வீழ்ச்சி ரோட்டுக் கரையிலயே தெரியும், 220 மீற்றர். அதில நிப்பாட்டி கால் நீட்ட விட்டுத்தான் மேல ஏறணும்.

பேர்ல் பே போறதெண்டா மலையே ஏறத் தேவையில்லை. வெல்லவாயவில தெற்கால திரும்பி தணமல்வில, அங்க இருந்து சூரியவெவ. தெற்கு அதிவேகப் பாதை 2020 பெப்ரவரியில இருந்து அம்பாந்தோட்டை வரைக்கும் இருக்கு. சூரியவெவயில ஏறினா கெலனிகமவிலதான் இறக்கம். தூரம் கூட, ரிக்கட் காசும் கூட. ஆனா பாதை சமதரை, பிள்ளை தூங்கும். தணமல்விலயில இருந்து உடவளவைக்கும் ஒரு ரோட்டு போகுது. அங்க யானைக்குட்டி பராமரிப்பு இடத்தில 9, 12, 3, 6 மணிக்கு பால் குடுப்பாங்க. உயரம் காணாம ஆட்டத்தில ஏத்தாத பிள்ளைக்கு இது பார்க்கை விட நல்ல நேரம்.

ஜூலை 14. ஆரையம்பதி அப்பா

உயரம் காணாமலா? வயசைப் பார்த்துத்தானே ஏத்துவாங்க?

ஜூலை 15. கல்முனை ரெக்னீசியன்

வயசைப் பார்த்து ரிக்கட்டைப் பிரிப்பாங்க, ஆட்டத்தில ஏத்துறது உயரத்தைப் பார்த்துத்தான். பெரிய ஆட்டங்களுக்கு உலகம் முழுக்கப் பொதுவா 120 சென்ரிமீற்றர் அளவில கோடு இருக்கும். நடுத்தர ஆட்டத்துக்கு அதை விடக் குறைவா, அல்லது பெரியாள் பக்கத்தில இருந்தா சரி எண்டு இருக்கும். உலக சுகாதார அமைப்பின்ட கணக்கில அஞ்சு வயசு ஆம்பிளைப் பிள்ளையின்ட நடு அளவு 110, பொம்பிளைப் பிள்ளை 109.4. ஆறு வயசில 116, 115. அப்ப சராசரி அஞ்சு வயசுக்காரருக்குப் பெரிய கோடு எட்டாது.

வீட்டிலயே அளந்து பாருங்க. செருப்பில்லாம சுவரோட நிக்க வைச்சு, குதிக்கால், குண்டி, தோள் சுவரில முட்டணும். தலைக்கு மேல கொப்பியைச் சுவருக்குச் செங்குத்தாப் பிடிச்சு, அடி விளிம்பில பென்சிலால கீறி, ரேப்பால அளங்க. காலையில அளந்தா பின்னேரத்தை விட கொஞ்சம் கூடக் காட்டும், அதை நம்பி போகாதீங்க. அளவை எடுத்திட்டு பார்க்குக்கு போன் பண்ணி, இத்தனை சென்ரிமீற்றர் பிள்ளைக்கு எந்தெந்த ஆட்டம், இந்தக் கிழமை எது திருத்த வேலையில நிக்குது எண்டு கேளுங்க. அதைப் பிள்ளைக்கும் முதலே சொல்லணும். வாசல்ல வைச்சு இல்லை எண்டா தாங்காது.

ஜூலை 15, இரவு. கல்முனை ரெக்னீசியன்

ஏன் உயரம் எண்டு ஒருத்தர் இன்பொக்சில கேட்டிருந்தார், எல்லாருக்குமா எழுதுறன். மடிக்கு மேல வந்து பூட்டுற இரும்புத் தண்டு இருக்குத்தானே, அது தொடையில முட்டின இடத்தில நிக்கும். ஒரே சீற்றில அப்பாவும் பிள்ளையும் இருந்து ரெண்டு பேருக்கும் ஒரே தண்டு எண்டா, அது அப்பாவின்ட தொடையில முட்டி நிண்டிடும். பிள்ளையின்ட மடிக்கும் தண்டுக்கும் நடுவில ஒரு பெரிய பூசணிக்காய் போற இடைவெளி. மேல தூக்கிப் போடுற ஆட்டத்தில பிள்ளை அதுக்குள்ளால வழுக்கும். அப்பிடி ஒரே தண்டு உள்ள வேகமான ஆட்டத்தில பிள்ளையை ஏத்தவே வேணாம், ஏத்துறவர் பரவாயில்லை எண்டு சொன்னாலும்.

வட்டமாச் சுத்துற ஆட்டத்தில சின்னவர் உள்பக்கம், பெரியவர் வெளிப்பக்கம். சுழற்சி வெளியால தள்ளும், மாறி இருந்தா உங்கட முழுப் பாரமும் பிள்ளையை நசுக்கும். ஏறக்குள்ளயே இடத்தைச் சரி பண்ணுங்க, ஓடத் தொடங்கினா மாத்த ஏலாது.

பிள்ளை பயந்து வேணாம் எண்டா இறங்கிடணும். அழுதுகொண்டு ஏறின பிள்ளை நடுவில எழும்பப் பார்க்கும்.

ஜூலை 16. வாழைச்சேனை, பிள்ளை வார்டு

வாந்தி பற்றி. கண் ஒண்டைப் பார்க்க, காது உள்ளுக்க வேற அசைவை உணர, மூளை குழம்புறதாலதான் பிரட்டும். போன், ரெப்லெட் பார்க்கக் குடுத்தா இது கூடும். யன்னலால தூரத்தைப் பார்க்க வைங்க, கொஞ்சம் காத்து விடுங்க, காருக்க வாசனைத் திரவியம் தொங்கவிடாதீங்க.

வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. விடிய ரெண்டு பிஸ்கட் அல்லது ஒரு துண்டு பாண். பால், தேங்காய்ப்பால் போட்ட சொதி, எண்ணெய்ப் பலகாரம் வேணாம். ஷொப்பிங் பேக்கை விட மூடியோட இருக்கிற ஐஸ்கிறீம் டப்பா நல்லம்: பிள்ளை ரெண்டு கையாலயும் பிடிக்கலாம், ஒழுகாது, மூடி போட்டா மணமும் வராது. உள்ளுக்க ரிசுப் பேப்பர் நாலு போட்டு வைங்க.

வாந்தி எடுத்த உடன தண்ணி குடுத்தா அதுவும் வெளிய வரும். பத்து நிமிசம் விட்டு, கரண்டி கரண்டியா ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடுக்கிற உப்புச் சீனித் தூள்). ஒரு பக்கற்றை முழுசா ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில கரைக்கணும். பாதிப் பக்கற்றைக் கண்மதிப்புக்கு ஒரு போத்தலில போடுற பழக்கம் பிழை, உப்பளவு மாறிடும். கரைச்சது 24 மணித்தியாலத்துக்குத்தான்.

வாந்திக் குளிசையை டொக்டரிட்டக் கேட்காம குடுக்காதீங்க. புறோமெதசின் ரெண்டு வயசுக்குக் கீழ கூடவே கூடாது, மேல எண்டாலும் நிறையைப் பார்த்துத்தான் அளவு. பார்க் போற காலையில குடுக்கவே வேணாம். நித்திரைத் தூக்கத்தோட பிள்ளை தண்ணிக்க இறங்கும்.

ஜூலை 17. செங்கலடி வேன்

பிள்ளையைப் பின் சீற்றில இடது பக்கம் இருத்துங்க. எங்கட ஸ்ரேறிங் வலது, தலையைக் கொஞ்சம் திருப்பினாலே தெரியும். கதவும் ரோட்டுப் பக்கம் திறக்காது, கரைப்பக்கம்தான் இறங்கும். பின் கதவைத் திறந்து பூட்டுக்குக் கிட்ட விளிம்பைப் பார்த்தா ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதுதான் சைல்ட் லொக். சில காரில மேல, சிலதில கீழ. அமத்திட்டு நீங்களே பின்னால இருந்து கதவைச் சாத்தி, உள்ளால திறந்து பாருங்க. திறந்தா லொக் விழேல்ல.

பெல்ற்: 110 சென்ரிமீற்றர் பிள்ளைக்குத் தோள் பெல்ற் கழுத்திலதான் படும். பூஸ்டர் சீற் வேணும். இடுப்புப் பட்டி வயித்தில இல்லாம தொடை எலும்புக்கு மேல, தோள் பட்டி காறை எலும்பு நடுவில. தலையணையை மடிச்சு வைக்கிறது பூஸ்டர் இல்லை, பிரேக் அடிக்கிற நேரம் அது நசுங்கி, பட்டி வயித்துக்கு ஏறும். சீற் கவர் போட்ட காரில பெல்ற் கொழுக்கி கவருக்க புதைஞ்சிருக்கும், முதல் நாளே வெளிய எடுத்து வைங்க.

ரயர்: காத்தை ஓட முன்னம் குளிர்ந்திருக்கக்குள்ள பார்க்கணும். அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்ரிக்கரில இருக்கும். ஊருக்க ஓடுற றீபில்ட் ரயரோட (பழைய ரயரில புது மேல் தோல் ஒட்டினது) அதிவேகப் பாதையில ஏறாதீங்க. சூட்டில மேல் தோல் உரியும்.

ஜூலை 17. காத்தான்குடி

மூத்திரத்துக்கு? புணாணைக்குப் பிறகு இறக்கவும் பயம்.

ஜூலை 17. செங்கலடி வேன்

ஓட்டமாவடியில போக வைச்சிட்டுத்தான் அங்கால போகணும். பொடியன் எண்டா வாய் அகண்ட போத்தல், பொம்பிளைப் பிள்ளைக்குக் காருக்குப் பின்னால ஒரு பொட்டி, சின்னப் பிள்ளையள் இருக்கிற சட்டி. அதே மாதிரி கடவத்தையில ஏற முன்னமும். தெற்குப் பாதையில இளைப்பாறுற இடம் வெலிப்பன்னையிலதான், கெலனிகமவுக்கு அங்கால. நீங்க அதுக்கு முந்தி இறங்கிடுவீங்க.

ஜூலை 19. பாசிக்குடா, நீச்சல் காவல்

தண்ணிப் பக்கம் ஒருத்தரும் எழுதேல்ல, அதுதான் பெரிசு. தாழுற பிள்ளை கத்தாது, கை அசைக்காது. வாய் தண்ணி மட்டத்தில, தலை பின்னால சாய்ஞ்சு, ஏணி ஏறுற மாதிரி கையைக் கீழ அமத்தும். ஒரு நிமிசத்துக்குள்ள முடிஞ்சிடும். கைக்கு எட்டுற தூரத்தில நில்லுங்க. போன் லொக்கரில கிடக்கட்டும்.

காத்தடிச்சு கையில போடுறது விளையாட்டுச் சாமான். உடம்போட கொழுவிற லைஃப் ஜக்கற்தான் பாதுகாப்பு, அதுவும் பிள்ளையின்ட நிறைக்கு ஏத்தது. தோள்ல பிடிச்சுத் தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறினா பெரிசு. அலைத் தொட்டியில பிள்ளையின்ட இடுப்பு மட்டத்தைத் தாண்டாதீங்க, அலை வரப்போற மணி அடிச்சதும் இன்னும் கரைக்கு வாங்க. சறுக்கில கால் முன்னால, கை நெஞ்சில. மடியில வைச்சுச் சறுக்க வேணாம், கால் இடையில மாட்டி முறியும்.

இறங்க முன்னம் ஆழமான பக்கத்தில அடி வடிகால் மூடி தெளிவாத் தெரியுதா எண்டு பாருங்க. தெரியாட்டி பிள்ளையை இறக்காதீங்க. கண் எரியிற மணம் எண்டா குளோரீன் கூட எண்டு அர்த்தமில்லை, வியர்வையும் மூத்திரமும் குளோரீனோட கலந்த மணம் அது. நீட்டு முடியுள்ள பிள்ளைக்குக் கொண்டை கட்டித் தொப்பி போடுங்க. உறிஞ்சிற துவாரம் பின்னலை இழுக்கும்.

பருத்தி ரீசேட், ஜீன்சோட பெரும்பாலும் விடமாட்டாங்க. நைலோன், லைக்ரா வேணும். உடம்பு மறைக்கிற நீச்சல் உடுப்புப் போடுற பெண்கள் துணி வகையைச் சொல்லி முதலே கேட்டு வைங்க. இன்னொண்டு, ஒத்தையா பிள்ளையைக் கூட்டிப்போறவருக்கு: ரிமோட் சாவியோட தண்ணிக்க இறங்கினா கார் திறக்காது. லொக்கருக்க வைங்க, லொக்கர்ச் சாவியைக் கையில கட்டுங்க.

ஜூலை 19. அக்கரைப்பற்று வாப்பா

பிள்ளை தவறினா எண்டு ஒரு ஆயத்தம். அங்க வேலை செய்றவங்க அநேகமா சிங்களம்தான் பேசுவாங்க. பிள்ளையின்ட பேரும் உங்கட போன் நம்பரும் சிங்களத்திலயும் தமிழிலயும் எழுதின துண்டை, தண்ணி போகாத சின்னப் பையில போட்டு உடுப்பின்ட உள்பக்கம் ஊசி குத்தி விடுங்க. வெளியில தெரியப் போட்டா யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலாம். காலையில உடுப்போட ஒரு படமும் எடுங்க, என்ன நிறம் எண்டு அந்தப் பதட்டத்தில ஞாபகம் வராது.

ஜூலை 21. களுவாஞ்சிகுடி ரீச்சர்

காலத்தைப் பற்றி. இஞ்ச ஆகஸ்டில கச்சான் காத்து (மேற்கால வாற வறண்ட காத்து), வெயில் கொளுத்தும். அதை வைச்சு அங்கயும் அப்பிடி எண்டு நினைக்காதீங்க. அவிசாவளை, ஹங்வெல்லைப் பக்கம் தென்மேல் பருவ மழை மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும். இடி இடிச்சா தண்ணியை விட்டு எல்லாரையும் ஏத்துவாங்க, உயரமான ஆட்டமும் நிக்கும். ஏப்ரல்ல காலை நல்லம், பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு இடிமழை. அந்தப் பக்கம் காய்ஞ்ச காலம் ஜனவரி கடைசி தொடக்கம் மார்ச் வரைக்கும். லீவு பொருந்தாததுதான் கஷ்டம். ஆகஸ்ட் எண்டா கதவு திறக்கிற நேரமே உள்ளுக்க போங்க, பெரிய ஆட்டங்களை முதல்ல முடிங்க.

மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிய வெளிக்கிடுங்க, ஆடி அமாவாசைக்கு டவுனுக்கால வெளியேறவே நேரம் போகும். கண்டிப் பக்கத்தால சுத்திப் போற எண்ணம் இருந்தா பெரஹர ஊர்வல நாளைப் பார்த்துக்கொள்ளுங்க.

ஜூலை 21. பாசிக்குடா, நீச்சல் காவல்

மூண்டு, நாலு வயசோட இதை வாசிக்கிறவங்களுக்கு: 315 கிலோமீற்றர் ஓடவே தேவையில்லை. பாசிக்குடாவில கடல் தூரம் வரைக்கும் முழங்கால், இடுப்புத்தான். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் குளம் மாதிரிக் கிடக்கும். கைக்கெட்டுற தூரம் எண்ட சட்டம் அங்கயும்தான்.

ஜூலை 22. வாழைச்சேனை, பிள்ளை வார்டு

நானும் அதைத்தான் எழுத வந்தன். பார்க்கோ கடலோ, பகல் 11 தொடக்கம் 3 வரைக்கும் நிழலுக்க எடுங்க. தண்ணிக்க நிக்கிற பிள்ளைக்குத் தாகம் தெரியாது, அரை மணிக்கொருக்கா குடிக்க வைங்க. உதடு நீலமாகி நடுங்கினா அண்டைக்கு அவ்வளவுதான், துடைச்சு உடுப்பு மாத்துங்க.

ஜூலை 24. ஆரையம்பதி அப்பா

அளந்தன், 108. போன் பண்ணிக் கேட்டன், அவனுக்குச் சின்னவங்கட தொட்டியும் சில ஆட்டமும் சரியாம். ஒரு பார்க் மட்டும், பண்டாரகம. முதல் நாள் அஞ்சு மணிக்கு எடுத்து, வழியில நிண்டு நிண்டு போய், அங்க அறை. ரெண்டாம் நாள் காலையில பார்க், இரவும் அதே அறை. மூண்டாம் நாள் வரக்குள்ள பின்னவலையில யானை குளிக்கிறதைக் காட்டிட்டு வரலாம் எண்டு இருக்கு. ரெண்டு மணிக்கு ஆத்துக்கு இறக்குவாங்களாம். பூஸ்டர் சீற் மச்சான் தாறார்.

ஜூலை 24, இரவு. செங்கலடி வேன்

எல்லாம் சரி தம்பி, மூண்டாம் நாள் மட்டும் இடிக்குது. ரெண்டு மணிக் குளிப்பைப் பார்த்தா அங்க இருந்து மூண்டு மணிக்குத்தான் எடுப்பீங்க. மின்னேரியாவுக்கு வரக்குள்ள ஆறு மணி, புணாணை கும்மிருட்டு. பத்து மணிக் குளிப்புக்குப் பிடிங்க. அறையில இருந்து ஆறு மணிக்கு வெளிக்கிட்டு, மீரிகமையில அதிவேகப் பாதையில ஏறாம கண்டி வீதியிலயே கேகாலைப் பக்கம் போனா பின்னவலை வரும். பதினொண்டுக்கு எடுத்து குருநாகல்ல சாப்பிட்டா மின்னேரியாவை மூண்டு மணிக்குள்ள தாண்டலாம். பத்து மணிக்குப் பிந்தினீங்களெண்டா யானைக் குளிப்பை விட்டுட்டு நேர வாங்க, இல்லாட்டி தம்புள்ளையில ஒரு இரவு நில்லுங்க.